கூரை திறந்தால்தான் வருவான்

கனவில் என் தம்பி எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்பான். வான் ரீனன் மலைப்பாதையின் உச்சியில், சாலையோரம், பனிமூட்டத்துக்கு நடுவே. மேலே ஒரு மெல்லிய சட்டை, ஜாக்கெட் கிடையாது. "அம்மா இன்னைக்கு என்ன சமைச்சா?" என்று கேட்பான். சொல்வேன். "மாங்கா ஊறுகா இருக்கா?" என்பான். இருக்கிறது என்பேன். அப்புறம் இல்லாத ஒரு காரின் கூரையைத் தட்டுகிறவன்போல் காற்றில் இரண்டு முறை விரலால் தட்டுவான். அத்தோடு விழித்துக்கொள்வேன்.

சபேலோ செத்து ஒரு குளிர்காலம் முழுசாகப் போய்விட்டது. பழைய டயர் ஏற்றிவர இரவல் வேனில் போனவன். அந்த மலையில் வண்டி பஞ்சராகி, குனிந்து சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தபோது லாரி அடித்துவிட்டது. உடலை எங்கள் ஊரான கட்லெஹாங்குக்குக் கொண்டுவந்து எங்கள் ஆட்களுக்குப் பக்கத்திலேயே புதைத்தோம். உடல் வந்தால் ஆள் வந்தாயிற்றா? எங்கள் வழக்கப்படி, செத்த இடத்துக்கு இலந்தை முள்கிளையோடு போகவேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கிளையில் ஏற்றி, வழியெல்லாம் பேசிக்கொண்டே வீட்டுக்குக் கூட்டிவரவேண்டும். கிளையைப் பிடித்திருப்பவர் செத்தவரோடு மட்டும்தான் பேசலாம். உயிரோடிருக்கிற யாரிடமாவது ஒரு வார்த்தை பேசிவிட்டால் போச்சு, செத்தவர் அங்கேயே இறங்கிவிடுவார்.

முதல் தடவை பெரியப்பா போனார். மினிபஸ்ஸில் தனக்கு ஒரு சீட், சபேலோவுக்கு ஒரு சீட் என்று முறையாகத்தான் வாங்கினார். ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற மனிதரா அவர்? பாதி வழியில் போன் அடித்திருக்கும், எடுத்து ஹலோ சொல்லியிருப்பார் என்பது என் சந்தேகம். கேட்டால் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். நான் கனவைச் சொன்னதும்தான் அவருக்கு உயிர் வந்தது. பார்த்தாயா, என்மேல் ஒரு தப்பும் இல்லை, பையன் மினிபஸ்ஸில் ஏறவே இல்லை, அவனுடைய வண்டியைத்தான் கேட்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. சபேலோவின் வண்டி, குஷேஷே என்று எங்கள் ஆட்கள் செல்லமாகச் சொல்கிற பழைய கார். பெட்டிமாதிரி இருக்கும், இரண்டு கதவு, நாய் உறுமுகிறமாதிரி சத்தம். எங்கள் பக்கத்து இளவட்டங்களுக்கு அது கார் இல்லை, சாமி. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அதைப் பம்பரமாகச் சுற்றவிட்டு, டயர் புகைக்கு நடுவே கூரைத் திறப்பு வழியாக எழுந்து இடுப்புவரை வெளியே நிற்பான் சபேலோ. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு. என்னால் கண்ணை எடுக்க முடியாது. மேலே ஏறி நின்றதும் கூரையை இரண்டு முறை தட்டுவான். அவன் தட்டாமல் ஸ்வேலி வண்டியை எடுக்கமாட்டான்.

ஸ்வேலி அவனுடைய கூட்டாளி. அன்றைக்கு டயர் எடுக்க அவனும் போயிருக்கவேண்டியவன். கால்பந்து ஆட்டம் பார்க்கவேண்டும் என்று பின்தங்கிவிட்டான். அடக்கத்துக்குப் பிறகு நான் அவனோடு பேசவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை வந்து எங்கள் வாசலில் நிற்கிற சபேலோவின் காரைக் கழுவிவிட்டுப் போவான். நான் ஜன்னல் திரையை இழுத்துவிடுவேன். என் கோபம் அப்படி, பிறந்ததிலிருந்தே.

அம்மாவோ கேட்டைப் பூட்ட விடமாட்டேன் என்று அடம். கட்லெஹாங்கில் கேட்டைப் பூட்டாமல் தூங்குகிற ஒரே வீடு எங்களுடையதுதான். பூட்டினால் பிள்ளை வந்து வெளியே நின்றுவிடுவானாம். கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தே தூங்கினாள். கால் இரண்டும் வீங்கிப்போய்விட்டன. இனி ஒரு குளிர்காலத்தை இவள் இப்படித் தாண்டமாட்டாள் என்று அத்தை, அப்பாவின் அக்கா, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். கனவு வருகிறவள்தான் கிளை பிடிக்கவேண்டும், பெண்ணென்றால் என்ன, நீயே போ என்றாள். அவனைக் கொண்டுவந்துவிட்டால் கனவும் நின்றுபோகும் என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் முள்ளாகத் தைத்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் ராத்திரிக்காகத்தான் பகலை ஓட்டிக்கொண்டிருந்தேன். தம்பியோடு ஊறுகாய் பேச்சுப் பேசுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு இருந்தது. ஆனால் போகப்போக அவன் உதடு வெடித்திருந்தது. விரல் நீலம்பாரித்திருந்தது. அவனுக்குக் குளிர்ந்தது, எனக்கு இனித்தது. இதைவிட அசிங்கம் வேறென்ன இருக்கிறது?

கூரையைத் தட்டிக் கேட்கிறவன் கூரை திறந்தால்தான் ஏறுவான். காரின் கூரையோ திறக்கவில்லை. அவன் போனதிலிருந்து யாரும் தொடாததால் இறுகிப்போய்க் கிடந்தது. சுவிட்சை அமுக்கினால் மோட்டார் முனகும், பலகை அசையாது. நான் கார் எலக்ட்ரிக் வேலை செய்கிறவள், அடுத்தவர் கையில் அதை விட மனமில்லை. உள்பக்கத் துணிப்பலகையைக் கழற்றிவிட்டு, கூரைப் பலகை ஓடுகிற சேனலைப் பார்த்தால், கறுப்புக் களி. டயர் புகையின் ரப்பர் தூள் அத்தனையும் வாஸ்லினில் ஒட்டி இறுகியிருந்தது. எங்கள் ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் வாஸ்லின்தான். குழந்தை முகத்துக்கு, வெடித்த குதிகாலுக்கு, சர்ச்சுக்குப் போகிற ஷூவுக்கு, கிரீச்சிடுகிற கதவுக்கு. சபேலோ வாராவாரம் சேனலில் அப்பியிருக்கிறான், பளபளக்கட்டும் என்று.

மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்ட சின்ன பிரஷ் தேடினேன். அம்மா உள்ளே போய், குவளையில் அதுவரை அப்படியே வைத்திருந்த அவனுடைய பல் பிரஷ்ஷை எடுத்துவந்து நீட்டினாள். வேறு பார்க்கிறேனே என்றேன். அவன் வண்டிதானே, அவன் பிரஷ்ஷாலேயே தேய் என்றாள். நாள் முழுக்கத் தேய்த்தேன். பலகையை இழுக்கிற இரண்டு கேபிளில் ஒன்று ஒரு பல் முந்தியிருந்தது, அதனால் பலகை கோணலாகப் போய் மாட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி நேராக்கி, கேபிளுக்கு மட்டும் விரல்நுனியளவு கிரீஸ் வைத்தேன். சேனலை உலர்வாகவே விட்டேன். மோட்டார் வழுக்காமலிருக்க அதன் நட்டையும் கொஞ்சம் இறுக்கினேன்.

சாயங்காலம் சுவிட்சை அமுக்கியபோது கூரை சத்தமில்லாமல் பின்னால் நழுவியது. சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டேன். அந்தச் சதுரத்தில் மேகம் ஒன்று வந்தது, நின்றது, போனது. நேரம் போனதே தெரியவில்லை. நன்றாக வேலை செய்துவிட்டேனே என்று எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

கிளை பிடிக்கிறவள் ஓட்ட முடியாது. அந்தக் கியர்பாக்ஸின் கிறுக்குப் புரிந்தவனோ ஸ்வேலி ஒருத்தன்தான். பெரியப்பாவே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். போகும்போது யாரோடும் பேசலாம், தடையில்லை. நான்தான் பேசவில்லை. அவன் ஃப்ளாஸ்க்கில் டீ கொண்டுவந்திருந்தான், வேண்டுமா என்று கேட்டான், நான் சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மலைமேல் போனதும் பனிமூட்டம் எங்களை விழுங்கியது. கனவில் பார்க்கிற அதே வெள்ளை. சாலை, கம்பி வேலி, சரளைக்கல் எல்லாம் ஏற்கெனவே பழகின இடமாக இருந்தது. இறங்கியதும் என் கால் தானாகவே அந்த இடத்துக்குப் போனது. லாரிகள் எங்கிருந்தோ உறுமிக்கொண்டு வந்து எங்கேயோ போயின. வெள்ளைத் துணி சுற்றிய கிளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எங்கள் குலப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில் சொன்னேன்: "சபேலோ, நான் டுடு வந்திருக்கேன். அம்மா கேட்டைப் பூட்டாம உக்காந்திருக்கா. வா, வீட்டுக்குப் போலாம்."

அத்தோடு என் வாய்க்குப் பூட்டு. காரில் ஏறிக் கிளையை முழங்காலுக்கு நடுவே நிறுத்தினேன். நுனி கூரையில் இடித்தது. ஸ்வேலி சுவிட்சை அமுக்கினான். மோட்டார் முனகியது. கூரை அசையவில்லை.

திரும்ப அமுக்கினான். எழுந்து கையால் தள்ளிப் பார்த்தான். "அக்கா, திறக்கலையே," என்றான். நான் அண்ணாந்து பார்த்தேன். சேனல் விளிம்பில் வெள்ளையாக ஏதோ மினுங்கியது. வாஸ்லின். புதுசு. மலைக்குளிரில் மெழுகாக உறைந்து கிடந்தது.

என் பார்வையைப் பார்த்ததும் அவன் முகம் தொங்கிவிட்டது. "நேத்து கழுவும்போது கொஞ்சம் தடவினேன்கா," என்றான். "அவன் எப்பவும் தடவுவானே. அவனுக்குப் பிடிக்குமேன்னு."

வந்த கோபத்துக்கு அந்த மலையே அதிர்கிறமாதிரி கத்தியிருப்பேன். உதட்டைக் கடித்துக்கொண்டேன். கிளையைக் கீழே வைக்கக் கூடாது, அடுத்தவர் கையில் கொடுக்கவும் கூடாது. என் கை இரண்டும் முள்ளில். என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது, நான் சொல்லவும் முடியாது.

அப்போது இன்னொரு நினைப்பு வந்தது. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. கூரை திறக்காவிட்டால் திறக்காது. நான் எல்லாம் முறையாகத்தான் செய்தேன், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. மூடின வண்டியில் சும்மா திரும்பிப் போகலாம். இன்று ராத்திரி அவன் வருவான். அம்மா என்ன சமைச்சா என்று கேட்பான். நாளைக்கும் வருவான். கண்ணாடியில் பனி வழிந்துகொண்டிருந்தது. ஸ்வேலி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. என் விரல்கள் மரத்துப்போயின. நகம் நீலமாகியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அவனுடைய விரல் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரத்துக்கே எனக்கு இப்படி என்றால், ஒரு குளிர்காலம் பூராவும்?

பெருமூச்சு விட்டுக் கிளையின் இலைகளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன்.

"சபேலோ, நான் சொல்றதைக் கேட்டுக்கோ. ஏதோ ஒரு கழுதை உன் சேனல்ல வாஸ்லினைத் தடவி வச்சிருக்கு. குளிர்ல அது இறுகிப்போச்சு. எந்தக் கழுதைன்னு நான் சொல்லல."

"நான்தான்கா," என்று முனகினான் ஸ்வேலி.

"காத்து என்னமோ புலம்புது, சபேலோ. நீ அதைக் கண்டுக்காத. பின்சீட்டுல ஃப்ளாஸ்க் இருக்கு. துணியைச் சூடான டீயில நனைச்சு, கூரைக்கு ரெண்டு ஓரத்துலயும் வெளியில போட்டா இளகிடும்."

அவன் ஒரு நிமிஷம் விழித்தான். அப்புறம் ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பனியனையும் கழற்றி டீயில் முக்கினான். பனிக்குள் வெறும் உடம்போடு அவன் கூரையைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரூய்போஸ் டீயின் வாசனை உள்ளே வந்தது.

"இப்ப விளக்குக்குப் பக்கத்துல இருக்கிற மூடியைப் பிடிச்சுக் கீழ இழுத்தா கையோட வந்துடும், சபேலோ. மோட்டாருக்கு நடுவுல ஒரு குழி. என் பையில அலன் கீ இருக்கு. அதை அந்தக் குழியில வச்சு, மேல அழுத்திக்கிட்டே சுத்தணும்."

அவன் சுற்றினான். பலகை இன்னும் இறுகியது. "அது மூடுற பக்கம், சபேலோ," என்றேன் பொறுமையாக. என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை. அவன் மறுபக்கம் திருப்பினான். கூரை முனகிற்று. இடதுபக்கம் முந்தியது. நிறுத்தி, கொஞ்சம் பின்னால் விட்டு, திரும்பச் சுற்று என்று கிளையிடம் சொன்னேன். ஒரு விரற்கடை வெளிச்சம் வந்தது. பிறகு ஒரு கையகலம். பிறகு முழுசாக நழுவிப் போனது. பனி அப்படியே உள்ளே இறங்கி எங்கள் மடியில் உட்கார்ந்தது.

கிளையை உயர்த்தினேன். நுனி கூரைக்கு மேலே, இடுப்பளவு வெளியே நின்றது. முள்ளெல்லாம் நீர்த்துளி.

ஸ்வேலி என்ஜினைப் போட்டான். ஆனால் வண்டியை எடுக்கவில்லை. முன்னால் பார்த்தபடி காத்திருந்தான். முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. கிளையின் அடிக்காம்பைச் சாய்த்துக் கூரை விளிம்பில் இரண்டு முறை தட்டினேன். வண்டி நகர்ந்தது.

அதற்கப்புறம் நான் பேசின பேச்சு, ஊரில் யாரும் பேசியிருக்கமாட்டார்கள். சபேலோ, ஹாரிஸ்மித் வந்தாச்சு, இங்கதான் நீ ஒருதரம் மீன் வறுவல் சாப்பிட்டு வாந்தி எடுத்த. சபேலோ, வார்டன் சோளக்காடு, அறுத்துட்டாங்க பாரு. மழை தூறியது, எங்கள் தலைமேலேயே கொட்டியது, ஸ்வேலி கூரையை மூடவில்லை. பின்னால் வந்தவர்கள் கூரையில் மரம் முளைத்த காரைப் பார்த்து ஹார்ன் அடித்தார்கள். பெட்ரோல் போட்டவன் கிளையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். அம்மா போன் செய்தாள். நான் தொடவில்லை. ஸ்வேலி எடுத்து, வந்துகொண்டிருக்கிறோம், மூன்று பேரும் என்றான்.

வில்லியர்ஸ் தாண்டி வால் ஆற்றுப் பாலத்தில் போகும்போது தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. பாலமே மிதக்கிறமாதிரி இருந்தது. ஆற்றைக் கடக்கும்போது அவசியம் சொல்லவேண்டும், இல்லையென்றால் தண்ணீருக்குப் பயந்து நின்றுவிடுவார்கள்.

"சபேலோ, ஆத்தைத் தாண்டுறோம், பயப்படாத," என்றேன். நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "உன் வண்டியை ஒருத்தன் வாராவாரம் வந்து கழுவுறான்டா. நான் அவனுக்கு ஒரு வாய் டீ குடுத்ததில்ல. அவனும் அன்னைக்கு உன்கூட வந்திருந்தா, இப்ப நான் ரெண்டு கிளையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். நல்லவேளை அவன் வரல. அதை இத்தனை நாளா சொல்லத் தெரியல எனக்கு."

 ஸ்வேலி முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். மழை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

வீட்டு வாசலில் எல்லாரும் நின்றிருந்தார்கள். கேட் அகலத் திறந்திருந்தது. அவனுடைய அறையின் உள்மூலையில் கிளையைச் சாத்தி, "வீடு வந்தாச்சு, சபேலோ. இது உன் கட்டில். இது அம்மா," என்றேன். அத்தை மெழுகுவத்தி ஏற்றினாள். இனி பேசலாம் என்று தலையசைத்தாள். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பாவின் போன் அடித்தது. எல்லாரும் திரும்பினோம். அவர் அதை அவசரமாக அணைத்துவிட்டுக் கூரையை ஆராய்ந்தார்.

ஸ்வேலி கேட்டருகே ஈரச் சட்டையோடு கிளம்பத் தயாராக நின்றான். நான் அவனிடம் போனேன். எவ்வளவோ சொல்லலாம்.

"டீ குடிச்சிட்டுப் போ," என்றேன்.

அவன் போன பிறகு அம்மா எழுந்தாள். வீங்கிய காலை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், துருப்பிடித்துக் கிடந்த பூட்டை எடுத்து, கேட்டைத் தன் கையாலேயே பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். வந்து கட்டிலில் படுத்தாள்.

நானும் படுத்தேன். விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. நடுவில் ஒன்றும் இல்லை. சாலை இல்லை, பனி இல்லை, யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. எழுந்துபோய்க் காரில் உட்கார்ந்தேன். மண்ணெண்ணெய்த் துணியால் சேனலைத் துடைத்தேன். சுவிட்சை அமுக்கினேன். கூரை ஒரே மூச்சில், நேராக, கடைசிவரை திறந்தது. மேலே நீல வானம் மட்டும்தான் இருந்தது.

அம்மா கையில் டீயோடு வந்து கதவருகே நின்றாள். நன்றாகத் தூங்கின முகம், கன்னத்தில் தலையணை மடிப்பு.

"ராத்திரி வந்தானா?"

"வரலம்மா."

அம்மா திறந்த கூரையைப் பார்த்தாள். பிறகு டீயை என் கையில் கொடுத்தாள்.

"அப்ப வந்துட்டான்," என்றாள்.

நான் டீயைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா என் தலையில் கையை வைத்துக்கொண்டு, அழுகை நிற்கிறவரை நின்றாள்.